படுத்திருந்த பலகை

சரக்கு மேடையில் பேசாமல் நிற்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். முடியாது.

கப்பல் ஏஜென்ட் காலையில் வந்து, இன்றைக்கு எத்தனை மூட்டை, எத்தனை ஆள், எத்தனை மணிக்குள் என்று வாசிப்பார். கடைசியில் "சரிதானே?" என்று ஒரு கேள்வி போடுவார். சரி என்றால் நூற்றிருபது தொண்டைகளும் ஒன்றாகச் "சரி" என்று போடுகிற சத்தத்தில் கிடங்குத் தகரத்தில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழும்பும். அந்தச் சத்தம் வராமல் ஒரு மூட்டை அசையாது. சரியில்லை என்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மூட்டையைக் குத்தி இழுக்கிற கைக்கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நிற்பார்கள். வாயைத் திறந்தால் பேரம் ஆரம்பித்துவிடும், பேரத்தில் படித்தவன்தான் ஜெயிப்பான் என்பது மூன்று தலைமுறையாக அடிபட்டுக் கற்ற பாடம். மௌனம் சம்மதம் என்பதெல்லாம் கல்யாணப் பேச்சுக்குச் சரி, மூட்டை தூக்குகிற இடத்துக்கு ஆகாது.

அப்படி ஒரு தடவை பதினொரு நாள் நின்றார்கள். எழுபத்தைந்து கிலோ மூட்டையை ஐம்பதாகக் குறைக்க வேண்டும் என்று. ஏஜென்ட் கெஞ்சினார், மிரட்டினார், போலீசைக் கூட்டிவந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஐம்பது கிலோ சாக்கு வந்து இறங்கியது. அந்தப் பதினொரு நாளும் முன்வரிசையில் நடுவில் நின்றவர் கொக்கி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மேடையிலும் வீட்டிலும் அவர் கொக்கிதான். பிடித்தால் விட மாட்டார்.

மேடைக்குப் பின்னால் மூட்டைக்காரர்களின் லைன் வீடுகள், முந்நூற்று நாற்பது. ஒரு காலத்தில் கடலுக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் பிள்ளைகள் பந்து விளையாடுகிற அளவுக்கு மண் இருந்தது. இப்போது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து கட்டில் காலைத் தொட்டுவிட்டுப் போகிறது. முன்னால் இருந்த மூன்று வரிசைகளும் இடிந்து கடலோடு போயின. நாலாம் வரிசையில் இருந்த கொக்கியின் வீடு இப்போது முதல் வரிசை.

சுவரில் தண்ணீர் ஏறிய கறையை அளக்க ஒருநாள் அமைச்சகத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கணுக்கால் வரை தண்ணீரில் நின்றபடி அளவுகோலை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அளந்து என்னம்மா செய்யப் போறீங்க?" என்றார் கொக்கி. "கடலுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

அந்தம்மா சிரித்தார். பிறகு ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து பேசினார். மேட்டுநிலத்தில் இடம் பார்த்தாகிவிட்டது, முந்நூற்று நாற்பது வீட்டுக்கும் வரைபடம் ரெடி, கட்டத்தான் பணமில்லை என்றார். உலக நாடுகள் எல்லாம் கூடுகிற பருவநிலை மாநாடு வருகிறது, அங்கே ஒரு வாக்கியம் எழுதப்படப் போகிறது, அந்த வாக்கியம் ஒழுங்காக எழுதப்பட்டால் இந்த வரைபடம்தான் நாட்டின் பட்டியலில் முதலாவது என்றார். மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்தே கடிதம் வந்தது. கூடப் போக வேண்டிய மூத்த அதிகாரிக்குச் சிறுநீரகக் கல்லாம். காலி இடத்துக்கு, கரையோர மக்களின் பிரதிநிதியாகக் கொக்கி வர முடியுமா?

மூட்டைக்காரர்கள் சங்கத்துச் செயலாளர் தன் கல்யாணக் கோட்டைக் கொடுத்தார். மேடையில் முப்பது வருஷம் மூட்டை ஏறிய தோள், கோட்டுக்குள் அடங்க மறுத்தது.

"மூச்ச இழுத்துவிடாத, தையல் விட்டுரும்," என்றாள் மனைவி. "அங்க போயி எல்லார்கிட்டயும் வாய் குடுத்துச் சண்டை போட்டுத் தொலையாத. படிச்சவங்க இருக்கிற இடம்."

*

மாநாட்டுக் கூடம் என்றால் ஏதோ கல்கட்டடம் என்று நினைத்திருந்தார் கொக்கி. சுவரைத் தட்டிப் பார்த்தார். பிளைவுட். மேலே துணி. பன்னிரண்டு நாளைக்கு எழுப்பி, பதின்மூன்றாம் நாள் பிரித்து லாரியில் ஏற்றுகிற ஊர். அதற்குள் பல்லாயிரம் பேர், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, எதையோ தொலைத்தவர்கள் மாதிரி நடந்துகொண்டே இருந்தார்கள்.

வேலை நடக்கிற விதம் இரண்டாம் நாள்தான் பிடிபட்டது. ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு அறைகளில் பேச்சு நடக்கும். பெரிய நாடுகள் நானூறு பேரோடு வந்திருந்தன. ஷிப்டு போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் களைத்தால் குளித்துச் சவரம் செய்த இன்னொருவர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். கொக்கியின் நாட்டுக்கு இரண்டே பேர். அதிகாரியம்மா ஓர் அறையில் பேசிவிட்டு, காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவார். கொக்கியின் வேலை நாற்காலி காப்பது.

பேசுகிற மொழி அவருக்கு அரைகுறையாகத் தெரியும். நாற்பது நாட்டுக் கப்பல்காரர்களோடு சண்டை போட்டுப் பழகிய மொழி. அதனால் திரையில் ஓடுகிற வாசகத்தை எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார். ஒத்துக்கொள்ளாத வார்த்தைகளை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். பாதிப் பக்கம் அடைப்புக்குறியாகவே இருந்தது. நாளெல்லாம் பேசி ஒரு குறியை எடுப்பார்கள், சாயங்காலம் யாராவது வந்து இரண்டு போடுவார்கள்.

பதினாலாம் பத்திதான் அதிகாரியம்மா சொன்ன வாக்கியம். கடலுக்கு நிலத்தைப் பறிகொடுக்கிற நாடுகளுக்கு, புகைவிட்டுப் பணக்காரரான நாடுகள் உதவி அளிக்க வேண்டும். இல்லையென்றால், அளிக்கலாம். 'வேண்டும்' ஓர் அடைப்புக்குறிக்குள்ளும் 'லாம்' இன்னொன்றுக்குள்ளும் நின்றன.

"இதுல என்னம்மா இருக்கு? ரெண்டெழுத்துக்கா இவ்வளவு அடிதடி?"

"உங்க ஏஜென்ட் கூலி குடுக்க வேண்டும்னு எழுதினா என்ன, கூலி குடுக்கலாம்னு எழுதினா என்ன?"

கொக்கி ரொட்டியை மெல்வதை நிறுத்தினார். "லாம்னா அவன் செத்தாலும் குடுக்க மாட்டான்."

"அவ்வளவுதாண்ணே. அந்த லாமுக்குத்தான் நானூறு பேர் வந்திருக்காங்க."

'லாம்'தான் என்று பிடிவாதமாக நின்றவர்களில் முக்கியமானவர் ஒரு பெரிய நாட்டின் வக்கீல். எப்போது பார்த்தாலும் மடிப்புக் கலையாத சட்டை. கொக்கி அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்தார். நல்ல மனுஷர்தான். கொக்கி தேநீர் எந்திரத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து வந்து பொத்தானை அமுக்கிக் கொடுத்தார். உங்கள் ஊரில் கடல் வீட்டுக்குள் வருகிறதாமே, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது என்றார். கஷ்டமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய் 'லாம்' என்றார்.

"எனக்கு ஒண்ணு புரியலம்மா," என்றார் கொக்கி ஒருநாள். "அவங்க நானூறு, நம்ம ரெண்டு. இந்தக் கூத்துல நம்ம எதுக்கு?"

அதிகாரியம்மா வீங்கிய காலை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்தார். "வெளியில நம்மள யாரு மதிக்கிறா? அவங்ககிட்ட கப்பல் இருக்கு, பேங்க் இருக்கு, பட்டாளம் இருக்கு. உலகத்துல இந்த ஒரு இடத்துலதான் அவங்க நாற்காலியும் நம்ம நாற்காலியும் ஒரே உயரம். இங்க ஓட்டுப் போட்டு முடிவெடுக்கிற பழக்கம் இல்ல. எல்லாரும் ஒத்துக்கணும். தம்மாத்துண்டு நாடு ஒண்ணு மாட்டேன்னு நின்னாலும் மொத்தமும் நின்னுரும். அதுக்குத்தான் கடன உடன வாங்கியாவது வர்றோம். நம்மகிட்ட இருக்கிறது அந்த ஒரு மாட்டேன்தான்."

கொக்கியின் முகம் மலர்ந்தது. முதல் தடவையாக அந்த இடம் அவருக்குப் புரிந்தது. "அப்ப எங்க மேடை மாதிரின்னு சொல்லுங்க. ஒருத்தன் ஒத்துக்கலேன்னாலும் மூட்டை நகராது."

"அதேதாண்ணே," என்றார் அதிகாரியம்மா, காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே. "அப்படியே உங்க மேடைதான்."

*

பன்னிரண்டு நாளில் முடிய வேண்டியது முடியவில்லை. பதின்மூன்றாம் நாளும் பேச்சு இழுத்தது. பணக்கார நாட்டுக்காரர்கள் போனைப் போட்டு விமானத்தைத் தள்ளிவைத்தார்கள். இல்லாதப்பட்டவர்களின் டிக்கெட்டைத் தள்ளிவைக்க முடியாது. ஒவ்வொரு நாற்காலியாகக் காலியாகிக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலியில் பன்னிரண்டு நாளும் உட்கார்ந்திருந்த தீவுக்காரர், ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார், ஒன்பது மாநாடு கண்டவர், காலையிலேயே பெட்டியோடு வந்து நின்றார்.

"பதினாலு இன்னிக்குத்தான் வரும்," என்றார். "என் பிளேனு பத்தரைக்கு. நீங்க இருக்கீங்கல்ல, பாத்துக்கங்க."

"நான் பதினொரு நாள் நின்னவன் வாத்தியாரே. நிம்மதியாப் போங்க."

அவர் கொக்கியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். ஒன்பது மாநாட்டுக் களைப்பும் அந்தக் கையில் இருந்தது.

பத்து மணிக்கு, காடுகள் பற்றிய அறையிலும் ஒரு வாக்கியத்தை யாரோ மாற்றுகிறார்கள் என்று அதிகாரியம்மாவுக்குத் தகவல் வந்தது. எழுந்து ஓடுகிற அவசரத்தில் குனிந்து கொக்கியின் காதில் சொன்னார்: "அரை மணில வந்துர்றேன். அதுக்குள்ள பதினாலு வந்து 'லாம்'னு வச்சாங்கன்னா ஒத்துக்காதீங்கண்ணே. என்ன ஆனாலும் ஒத்துக்காதீங்க."

"நீங்க போங்கம்மா. செத்தாலும் ஒத்துக்க மாட்டேன்."

நாட்டின் பெயர் எழுதிய பலகை கொக்கியின் முன்னால் மேசைமேல் படுத்திருந்தது. பேச விரும்புகிறவர்கள் அதை நிமிர்த்தி வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதிகாரியம்மா ஒரு நாளைக்கு இருபது தடவை நிமிர்த்துவார், பேசுவார், படுக்கவைப்பார். ஆனால் கொக்கிக்கு இப்போது பேசுகிற உத்தேசம் இல்லை. மறுக்கிற உத்தேசம். அதற்கும் பலகைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. ஒரு முடிவு எடுக்கப்படுவதை அவர் பார்த்ததும் இல்லை. பன்னிரண்டு நாளாக அந்த அறையில் எதுவுமே முடியவில்லையே.

பதினொரு மணி வாக்கில் கூட்டத்தின் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்று நாள் தூங்காத குரல்.

"பதினாலாம் பத்தி. ராத்திரி நடந்த ஆலோசனைகளின் அடிப்படையில், 'அளிக்கலாம்' என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன். ஆட்சேபம் உண்டா?"

கொக்கி கைகளைக் கட்டினார். நெஞ்சை நிமிர்த்தினார். முதுகில் கோட்டுத் தையல் பட்டென்று விட்டது. இல்லாத கொக்கி ஒன்று தோளில் தொங்குவது போல இருந்தது. தாடையை இறுக்கிக்கொண்டு, தலைவரின் நெற்றிக்குமேல் இருந்த சுவரை, அது கடல் என்று நினைத்துப் பார்த்தார். அந்தப் பதினொரு நாளில் ஒரு நாள்கூட அவர் இப்படி நின்றதில்லை. போலீஸ் வந்தபோதுகூட இவ்வளவு இறுக்கமில்லை.

தலைவரின் பார்வை அறையை வலம் வந்தது. காலி நாற்காலிகள், படுத்திருந்த பலகைகள். கொக்கியிடம் வந்தபோது ஒரு நொடி நின்றது. கொக்கி அசையவில்லை. தலைவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"ஆட்சேபம் இல்லை. அவ்வாறே ஏற்கப்பட்டது."

சின்ன மரச்சுத்தியல். கொட்டை உடைக்கிற சத்தம்.

தலைவர் கடகடவென்று சொன்ன சட்ட வார்த்தைகள் பிடிபடாமல், நிறுத்திவிட்டோம் என்றே நினைத்தார் கொக்கி. உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. இஸ்திரி எழுந்து, மேசைகளைச் சுற்றிக்கொண்டு அவரிடம் வந்து கையை நீட்டினார்.

"ரொம்ப நன்றி. உங்க நாட்டுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். பெரிய மனசு."

கொக்கி கையைக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் நான் எதை விட்டுக்கொடுத்தேன் இவன் நன்றி சொல்ல என்று யோசனை வந்தது. திரையைப் பார்த்தார். பதினாலாம் பத்தியில் அடைப்புக்குறிகளைக் காணோம். 'வேண்டும்' காணோம். அளிக்கலாம், முற்றுப்புள்ளி. இப்படித்தான் ஆதியிலிருந்தே இருந்தேன் என்பது போலச் சுத்தமாக இருந்தது வாக்கியம்.

அதிகாரியம்மா மூச்சிரைக்க வந்தார். "பதினாலு வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"லாமா?"

"லாம்தான் வச்சான். நான் ஒத்துக்கல. கல்லு மாதிரி இருந்தேன், வாயே திறக்கல. ஆனா அங்க..." திரையைக் காட்டினார்.

அதிகாரியம்மா திரையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். "பலகை?"

"எது?"

"பலகைய நிமித்தலயா?"

"நான் எதுக்கும்மா நிமித்தணும்? நான்தான் பேசலியே."

அந்தம்மா திட்டியிருந்தால் கொக்கிக்குத் தாங்கியிருக்கும். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்துவிட்டார், காலணிகளை மடியில் வைத்துக்கொண்டு.

"இங்க பேசாம இருந்தா சரின்னு அர்த்தம்ணே," என்றார். "நான் சொல்லியிருக்கணும். இதைப் போயி சொல்லணுமான்னு... உங்க மேடை மாதிரின்னு வேற சொன்னேன்."

கடைசிப் பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னார். எங்கள் நாடு பதினாலாம் பத்தியை ஏற்கவில்லை, தவறு நேர்ந்துவிட்டது என்று. மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். நன்றாகப் பேசினார், கைத்தட்டினார்கள். இஸ்திரியும் தட்டினார். முடிந்த பத்தியைத் திறக்க வழியில்லை, உங்கள் கருத்து அறிக்கையில் பதிவு செய்யப்படும் என்றார் தலைவர். வெளியே, தச்சர்கள் அதற்குள் கடைசி அறையின் பிளைவுட்டைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

விமானத்தில் கொக்கி கேட்டார். "அடுத்த தடவை என்னைக் கூப்பிடுவீங்களாம்மா? அந்தப் பலகைய மேசையோட பேத்துத் தூக்கிருவேன்."

"உங்களைத்தான் கூப்பிடுவேன். அது எப்படின்னு உங்களை விடப் பட்டுத் தெரிஞ்சவர் யாரு இருக்கா." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

வீட்டில் கட்டில் கால்களுக்கு இன்னும் ஒரு செங்கல் ஏறியிருந்தது. போனபோது மூன்று, இப்போது நாலு. மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டுக் கோட்டை வாங்கி, கிழிந்த முதுகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இருபத்தெட்டு வருஷமா இந்த வீட்டுல வாய மூடாத மனுஷன்," என்றாள். "ஒரே ஒரு நாள் மூடியிருக்கே. அதுவும் அங்க போயி."

"நீதானே வாய் குடுக்காதேன்னே."

"அதைத்தானா கேக்கணும் நீ? நான் சொல்லி வேற எதைக் கேட்டிருக்கே?" ஊசியில் நூல் கோக்கத் திரும்பினாள். கொஞ்ச நேரம் கோக்கவே முடியவில்லை அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கொட்டகையில் கூட்டம். நூற்றிருபது பேரும் வந்திருந்தார்கள். பெரிய பெரிய நாட்டுக்காரனெல்லாம் உட்கார்ந்திருந்த இடத்தில் நம் கொக்கி என்ன பேசினார் என்று கேட்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே பேசினீங்க?" என்றார் செயலாளர்.

"ஒண்ணும் பேசல. பத்தி வந்துச்சு. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்."

கொட்டகை அதிர்ந்தது. தொடையைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள். "அதான்யா நம்ம ஆளு." "மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்திருக்குமே அவனுங்களுக்கு." பின்வரிசையிலிருந்து ஒரு கிழட்டுக் குரல், "எந்தக் கடல்ல போயி நின்னாலும் கொக்கி கொக்கிதாண்டா," என்றது.

அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் சாகிறவரை அவர் அந்தப் பதினொரு நாளோடு பன்னிரண்டாவதாக ஒரு நாளும் நின்றவராக இருந்திருப்பார். சத்தம் அடங்கும்வரை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"நிறுத்துங்கய்யா," என்றார். "அங்க அப்படி இல்ல. அங்க பேசாம இருந்தா சரின்னு அர்த்தமாம். நான் வாய மூடி உக்காந்திருந்தேன். சரின்னு எழுதிட்டாங்க."

புரிய நேரம் பிடித்தது. முன்வரிசையில் ஒருவர், "அப்ப மேட்டு வீடு?" என்றார்.

"குடுக்கலாம்னு போட்டிருக்கு. குடுக்க வேண்டும்னு இல்ல."

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க," என்றது அதே கிழட்டுக் குரல். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை. அவர் வீடு கொக்கி வீட்டுக்கு அடுத்த வீடு.

செயலாளர் தொண்டையைச் செருமினார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "அடுத்த வருஷமும் மாநாடு இருக்கு. பதினாலத் திரும்பத் தொட முடியாதாம். ஆனா அதை எப்படிச் செயல்படுத்துறதுன்னு வேற பத்திங்க வருமாம், அதுல ஏதாவது பிடிச்சு இழுக்கலாமாம். இந்த வருஷம் கோட்டை விட்டோம்னு போகாம இருந்தா நம்ம நாற்காலிய எடுத்து ஓரமாப் போட்டுருவாங்கன்னு அந்தம்மா எழுதியிருக்கு. இதே ஆளை அனுப்புங்க, இப்ப இவருக்குத்தான் வழி தெரியும்னும் எழுதியிருக்கு." காகிதத்தை மடித்தார். "என்ன சொல்றீங்க? கொக்கி அண்ணனையே அனுப்பலாம். சரிதானே?"

ஒரு சத்தமும் இல்லை.

மாநாட்டுப் பழக்கம் பொல்லாதது. ஒரு கணம் கொக்கிக்கு மனசு லேசாயிற்று. ஆட்சேபம் இல்லை என்று எங்கோ ஒரு சின்ன மரச்சுத்தியல் விழுந்தது. பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்தார். நூற்றிருபது பேரும் கைகளைக் கட்டிக்கொண்டு, அவரைத் தாண்டி, கொட்டகை வாசல் வழியே தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.